ஐந்து முழப் பெட்டி

'சுமார்' என்ற சொல்லைக் கேட்டால் அண்ணாச்சிக்கு உடம்பெல்லாம் எரியும். "மெட்ரோ ஸ்டேஷன் இங்கேருந்து சுமார் அரைக் கிலோமீட்டர் இருக்கும்" என்று யாராவது தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டால் போச்சு. "அளந்தீங்களா?" என்று கேட்பார். "இல்ல சார், சும்மா ஒரு..." என்று இழுப்பார்கள். "அளக்கலன்னா தெரியாதுன்னு சொல்லுங்க. தெரியாதுன்னு சொல்லுததுல ஒரு கேவலமும் இல்ல" என்பார். முகத்தில் துளிச் சிரிப்பு இருக்காது. வழி சொல்ல வந்தவர் அன்றைக்கு ஆபீசுக்கு லேட்.

டில்லி ஜனக்புரியில் எங்கள் வீட்டுக்கு நேர் மேல்மாடியில் அவரும் அவர் மனைவி மதினியும் குடியிருந்தார்கள். நான் மதுரைக்காரி, ஜனக்புரியிலேயே ஒரு பேங்கில் வேலை. அவர்கள் திருநெல்வேலிப் பக்கம். டில்லியில் முப்பது வருடம் இருந்தும் மதினியின் பேச்சில் அந்த ஊர் ராகம் கொஞ்சமும் கரையவில்லை. காய்கறிக்காரனிடம் இந்தி பேசினாலும் அதே ராகம்தான். அவன் பயந்துகொண்டே கொத்தமல்லியை இனாமாகக் கொடுப்பான்.

அண்ணாச்சிக்கு அரசாங்கக் கட்டட இலாகாவில் அளவு சரிபார்க்கும் உத்தியோகம். சுவர் இத்தனை மீட்டர், தளம் இத்தனை மீட்டர் என்று ஒருவர் அளவுப் புத்தகத்தில் எழுதி வைப்பார். இவர் பின்னாலேயே போய் நாடாவை விரித்து மறுபடி அளப்பார். அளந்து சரியாக இருந்தால் கையெழுத்து. இல்லாவிட்டால் கையெழுத்து இல்லை. காண்ட்ராக்டர்கள் இவர் பெயரைச் சொல்லியே பிள்ளைகளைப் பயமுறுத்தியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். அவருக்கென்று ஒரு தீர்ப்பு உண்டு: "முழுசா வர்ற அளவு ஆபீஸ்ல பொறந்தது. பிசிறோட வர்ற அளவுதான் சைட்ல பொறந்தது." பத்து மீட்டர் என்று எழுதியிருந்தால் சந்தேகப்படுவார். பத்து மீட்டர் ஏழு மில்லி என்று எழுதியிருந்தால் முகம் மலரும்.

நாங்கள் கீர்த்தி நகரில் ஒரு சோபா வாங்கினோம். டெலிவரி ஆட்கள் கீழே இறக்கி வைத்ததும் அண்ணாச்சி மாடியிலிருந்து இறங்கி வந்து, சட்டைப் பையிலிருந்து ஸ்டீல் நாடாவை எடுத்து, படிக்கட்டுத் திருப்பத்தை அளந்தார், சோபாவை அளந்தார். "போகாது. நாலு சென்டிமீட்டர் கொறையுது" என்றார். "அரே அங்கிள், ஆராம் சே ஜாயேகா", சுலபமாகப் போய்விடும் என்று அந்த ஆட்கள் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் கூடச் சேர்ந்து சிரித்தார். சோபா திருப்பத்தில் போய்ச் சிக்கியது. முன்னாலும் வரவில்லை, பின்னாலும் போகவில்லை. மூன்று நாள் அந்த பில்டிங்கே சோபாமேல் ஏறி இறங்கித்தான் பாலும் பேப்பரும் வாங்கியது. மூன்றாம் நாள் காலை டிபன் பையோடு அதைத் தாண்டிக்கொண்டிருந்த அண்ணாச்சி என்னைப் பார்த்து நின்றார். 'நான்தான் சொன்னேனே' என்று ஆரம்பிக்கப் போகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"தங்கச்சி, ஒரு தப்பு நடந்துபோச்சு" என்றார். "நாலுன்னு சொன்னேன். நேத்து திருப்பி அளந்தேன். மூணே முக்கால்தான்."

மன்னிப்புக் கேட்கிற தொனியில் சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

இப்படிப்பட்ட மனுஷனுக்கு எகிப்து எப்படிப் பிடித்தது என்று கேட்டால், எல்லாம் ஒரு பூக்காரியால் வந்த வினை. கோயில் வாசலில் சேலத்து அம்மாள் ஒருத்தி முழம்போட்டு மல்லிகை விற்பாள். மதினிக்கு இரண்டு முழம் வாங்கப் போனவர், அவள் முழங்கையையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். "இது மொழம் இல்லம்மா, முக்கா மொழம்." அவள் விடவில்லை. "என் கை இவ்ளோதான் சாமி. வேற கைக்கு நான் எங்க போறது?" அந்தக் கேள்வி இவர் மண்டைக்குள் புகுந்துகொண்டது. அப்படியானால் முழம் என்பது யாருடைய கை?

அடுத்த தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் சர்க்கரைப் பொங்கலுக்கு வரிசையில் நின்ற தமிழர்கள் அத்தனை பேரின் முழங்கையையும் அளந்தார். தொன்னையை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறுகையை நீட்ட வேண்டும். ராணுவத்தில் கர்னலாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் கையை நீட்டிவிட்டு, "இது எதுக்குங்க?" என்று கேட்டார். "எகிப்துக்கு" என்றார் அண்ணாச்சி. கர்னல் விறைத்து நின்று அளவு கொடுத்தார். சராசரி போட்டதில் நாற்பத்தாறு சென்டிமீட்டரும் ஒரு பிசிறும் வந்தது. பிசிறு எவ்வளவு என்பதையும் சொன்னார், நான்தான் மறந்துவிட்டேன்.

தரியாகஞ்ச் நடைபாதையில் ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய புத்தகம் வாங்குவது அவர் வழக்கம். அப்படி வாங்கிய, முதுகு கிழிந்த ஒன்றில் பெரிய பிரமிடின் அடி நீளம் போட்டிருந்தது: இருநூற்று முப்பது மீட்டர், முப்பது சென்டிமீட்டர். அதைத் தன் முழத்தால் வகுத்துப் பார்த்தார். சரியாக ஐந்நூறு வந்தது. அன்றைக்கு அவர் போட்ட கூச்சலில் அடுப்பில் இருந்த பாலை விட்டுவிட்டு ஓடிவந்ததாக மதினி சொல்வாள். பிரமிடைக் கட்டியது நம்ம ஊர் முழம். இதுதான் சித்தாந்தம். பதினெட்டு வருடம் இதற்காகப் படித்தார், குறிப்பெடுத்தார், தமிழில் புத்தகமாக எழுதினார். தட்டச்சு செய்தது நான். ஞாயிறு மதியம் சாப்பிட்டுக் கண் சொருகும் நேரத்துக்குச் சரியாக நோட்டுக்கட்டோடு வந்து நிற்பார். டில்லியில் பிறந்து வளர்ந்த அவர் மகனுக்குத் தமிழ் பேசத்தான் வரும். எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொன்னால் வேர்த்துவிடும். ஆக அந்த வீட்டில் அந்தப் புத்தகத்தைப் படிக்கக்கூடிய ஒரே ஆள் மதினி.

சும்மா சொல்லக்கூடாது, அண்ணாச்சி கதை சொன்னால் எகிப்துச் சாமிகளெல்லாம் ஏதோ சென்ட்ரல் கவர்ன்மெண்ட் ஆபீஸில் வேலை பார்ப்பதுபோலவே இருக்கும். சூரியக் கடவுளுக்கு வயசாகி வாயில் எச்சில் வடிகிறது, ஆனால் ரிட்டயர் ஆகமாட்டேன் என்கிறார், எக்ஸ்டென்ஷனுக்குமேல் எக்ஸ்டென்ஷன். செத்தவனின் இதயத்தைத் தராசில் ஒரு பக்கமும் இறகை மறுபக்கமும் வைத்து நிறுப்பது இலாகா விசாரணை. நாற்பத்திரண்டு பேர் கமிட்டி. அரிவாள்மூக்கன் பறவைத் தலையோடு நோட்ஸ் எடுக்கும் சாமி ஸ்டெனோ. முதலை வாயும் சிங்க உடம்பும் நீர்யானைப் பின்பக்கமுமாக ஓரத்தில் காத்திருப்பது டிஸ்மிஸ் ஆர்டர்.

"எல்லாஞ்சரி" என்பார். "மொதல்ல வெறுந்தராசு சமமா நிக்குதான்னு ஒருத்தனாவது பாத்தானா? படத்தை நல்லாப் பாரு. நிறுக்குத நரித்தலைச் சாமி தராசோட தூக்குக்குண்டைக் கையால புடிச்சுக்கிட்டு நிக்காரு. அதை நான் ஒத்துக்கிடவே மாட்டேன்."

அண்ணனைக் கொல்ல நினைத்த தம்பிச்சாமி கதையும் அவருக்கு ரொம்ப இஷ்டம். அண்ணனின் உடம்பை ரகசியமாக அளக்கவைத்து, அந்த அளவுக்கு ஒரு பெட்டி செய்து, விருந்தில் கொண்டுவந்து வைத்து, 'யாருக்கு இது கச்சிதமாக இருக்கிறதோ அவருக்கே இனாம்' என்கிறான் தம்பி. விருந்தாளிகள் ஒவ்வொருவராகப் படுத்துப் பார்க்கிறார்கள். அண்ணன் படுத்ததும் மூடி, ஆணியடித்து, நைல் நதியில் விட்டுவிடுகிறார்கள். உலகமே தம்பியைத் திட்டும். அண்ணாச்சி மட்டும், "பொட்டிக்கு அளவெடுத்தவன் யாரு? அவனை ஏன் யாருமே விசாரிக்கல?" என்று கொதிப்பார். மதினி உள்ளிருந்து, "அவன் கெடக்கான், நீங்க காப்பியக் குடிங்க" என்பாள்.

பிரமிடை அளந்த பழைய ஆட்களைப் பற்றி அவருக்கு மனப்பாடமாகத் தெரியும். வெடிவைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தவர்களைக் கண்டால் ஆகாது. ஒரு வானசாஸ்திரி, பிரமிடு முழுக்கக் கடவுள் கொடுத்த ஓர் அங்குலக் கணக்கில் கட்டப்பட்டது என்று புத்தகம் போட்டார். அதைப் படித்து மயங்கிய ஒரு தகப்பனார் தன் மகனிடமும் சொல்லிச் சொல்லி வளர்த்தார். அந்தப் பிள்ளை இங்கிலாந்திலிருந்து அளவுக்கருவிகளோடு கிளம்பிப் போனான். பக்கத்தில் ஒரு பழைய கல்லறைக்குள்ளேயே குடித்தனம் நடத்தினான். வேடிக்கை பார்க்கவரும் டூரிஸ்டுகளை விரட்ட இளஞ்சிவப்பு உள்ளாடையோடு வெளியே வந்து நிற்பான். அளந்து முடித்தான். கடவுள் அங்குலம் காலி. அப்பா நம்பியதாயிற்றே என்று ஒரு நூல்கூடக் கூட்டிக் குறைக்கவில்லை. அண்ணாச்சிக்கு அந்தத் துரைதான் குலதெய்வம். அதே துரை எழுதி வைத்திருக்கிறாராம், கடவுள் அங்குலத்தை நம்பிய ஒருவன் கல்லில் இருந்த புடைப்பு கணக்குக்கு ஒத்துவரவில்லை என்று அதை அரத்தால் ராவிக்கொண்டிருந்து பிடிபட்டான் என்று. இதைச் சொல்லும்போது மட்டும் அண்ணாச்சி வாய்விட்டுச் சிரிப்பார். "கல்லை ராவுதான்! அறிவுகெட்ட பய!"

அவருடைய சித்தாந்தத்துக்கும் ஒரு கல் இருந்தது. பிரமிடுக்குள் அரசன் அறையில் மூடியில்லாத ஒரு கருங்கல் பெட்டி கிடக்கிறது. அதன் நீளம் சரியாக ஐந்து முழம், அதாவது அடிநீளத்தில் நூற்றில் ஒரு பங்கு என்பது அண்ணாச்சியின் கட்சி. பெட்டி ஐந்து, அடி ஐந்நூறு. ஒருநாள் தட்டச்சு செய்துகொண்டே நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் கேட்டுவிட்டேன்.

"அண்ணாச்சி, உங்க துரையே பெட்டியை அளந்திருக்காரே? அவர் அளவுப்படி நம்ம அஞ்சு முழத்துக்கு ரெண்டே முக்கால் சென்டிமீட்டர் குறையுதே?"

அண்ணாச்சி நோட்டை மூடினார். "அவுக அளந்தது தப்பா இருக்காது. ஆனா பொட்டில ஒரு மூலை ஒடஞ்சி கெடக்கு. எந்தப் பக்கமா வச்சு அளந்தாவளோ..."

"அதையும் எழுதித்தானே வச்சிருப்பாரு?"

"எழுதியிருப்பாவ. நான் பாக்கலல்லா?"

குலதெய்வம் அளந்ததாகவே இருந்தாலும் தான் அளக்காத அளவு அளவில்லை. அப்போது மதினியும் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"போய் அளந்து பாத்து, கொறஞ்சுதுன்னா?" என்று கேட்டாள்.

"கொறஞ்சா புஸ்தகம் இல்ல."

"பதினெட்டு வருசம்?"

"அதுவும் இல்ல" என்றார் அண்ணாச்சி. மதினி கீரையைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினாள்.

ரிட்டயர் ஆக ஆறு மாதம் இருக்கும்போது இருவரும் ஒரு டூர் கோஷ்டியோடு எகிப்துக்குப் போனார்கள். பெட்டியை அளக்க நாடாவின் மறுமுனையைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். டூரில் வந்த வேறு யாரையும் அண்ணாச்சி நம்பத் தயாராயில்லை. மதினிக்கோ முட்டுவலி. பிரமிடுக்குள் ஏறும் வழி, குனிந்து தவழ்ந்து போகிற பொந்து. "அம்புட்டுத் தொலவும் மடங்கி ஏறுனேன் பிள்ள. ஒரு காத்து இல்ல, ஒண்ணு இல்ல. முருகா முருகான்னுட்டே ஏறுனேன். அங்க போயி முருகனைக் கூப்பிட்ட மொத ஆளு நானாத்தான் இருப்பேன்" என்று திரும்பி வந்து என்னிடம் சொன்னாள். காவல்காரன் நாடாவைப் பார்த்துச் சத்தம் போட்டிருக்கிறான். கைடு அவனைச் சமாதானப்படுத்தி இரண்டு நிமிஷம் வாங்கிக் கொடுத்திருக்கிறான். ஒரு முனையில் மதினி, மறுமுனையில் கையில் டார்ச்சோடு அண்ணாச்சி.

"எவ்வளவு வந்தது?" என்று எனக்குப் பரபரப்பு தாங்கவில்லை.

"ரெண்டு மீட்டர் முப்பது" என்றார் அண்ணாச்சி. ஐந்து முழம். ஒரு மூன்று மில்லிதான் வித்தியாசம். நான் துள்ளிக் குதித்தேன். கேசரி கிண்டினேன். அவர் சாப்பிட்டார், நன்றாக இருக்கிறது என்றார், அவ்வளவுதான். பயணக் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். தமிழ்ச் சங்கக்காரர்கள் புத்தக வெளியீட்டுக்கு மேடை போட்டுத் தருவதாகச் சொன்னார்கள். சால்வைகூட வாங்கிவிட்டார்கள்.

இரண்டு வாரம் கழித்து, நானும் மதினியும் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போயிருந்தோம். அங்கேதான் நல்ல முருங்கைக்காயும் சேனையும் கிடைக்கும். மதினி ஒரு தேங்காயைக் காதோரம் வைத்து ஆட்டிக்கொண்டே, பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்.

"ஏ பிள்ள, நான் ஒரு காரியம் செஞ்சிட்டேன். பொட்டி விளிம்புல முனையை வச்சுப் புடின்னாவல்லா, நான் எங் கட்டைவிரல் அகலத்துக்கு வெளிய தள்ளிப் புடிச்சேன்."

"மதினீ!"

"கத்தாத. கொறையுதது ரெண்டே முக்கால்னு நீதான சொன்ன. ஒரு கட்டைவிரல். அந்தப் பொட்டி கெடக்கு, எவனோ செத்தவனுக்குச் செஞ்சது. அது அஞ்சு மொழம் இருந்தா யாருக்கு நஷ்டம்? பதினெட்டு வருசம் இல்லன்னு ஒரு மனுசன் சொல்லுதாரு. எனக்குக் கேட்டுக்கிட்டு இருக்க முடியல." கண்ணைத் துடைத்துக்கொண்டு தேங்காயைக் கடைக்காரரிடம் நீட்டினாள். "இது அழுகல், வேற குடுங்க. ஏ பிள்ள, அவுககிட்ட மூச்சு விடக்கூடாது. சத்தியம் பண்ணு."

முருங்கைக்காய்க் கட்டைப் பிடித்துக்கொண்டே சத்தியம் பண்ணினேன். அரத்தால் கல்லை ராவியவன் கதையைக் கேட்டு மதினியும்தான் எத்தனையோ தடவை சிரித்திருக்கிறாள். மேடையில் சால்வையோடு அந்த மனுஷன் நிற்பார். முன்வரிசையில் எவனாவது ஒரு படித்தவன் எழுந்து துரையின் அளவைச் சொல்லி, 'உங்களுக்கு மட்டும் எப்படி நீண்டது?' என்று கேட்டால்? ஒரு பொய்யளவுகூட எழுதாத மனுஷன் அந்த இடத்திலேயே செத்துப்போவார்.

அடுத்த ஞாயிறு புரூப் பார்க்க வந்தார். சத்தியத்தை மீறாமல் எப்படிச் சொல்வது என்று யோசித்து யோசித்து, கடைசியில், "அண்ணாச்சி, இந்த ரெண்டு மீட்டர் முப்பது... பிசிறே இல்லாம முழுசா வந்திருக்கே" என்றேன்.

கண்ணாடியைக் கழற்றினார். "ஒன்கிட்ட சொன்னாளாக்கும்?"

"யாரு? என்ன?" என்றேன். பேங்கில் இத்தனை வருடம் இருந்தும் எனக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"எனக்குத் தெரியும்மா. மறுமுனையைப் பாக்காம நான் என்னைக்கு அளவு எழுதியிருக்கேன்? டார்ச்சை அடிச்சுப் பாத்தேன். கட்டைவிரலுக்குக் கீழ பொட்டி இல்ல. காத்துதான் இருக்கு." கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்தார். "சரியாப் புடிளான்னு சொல்ல வாயெடுத்தேன். அவ மொகத்தைப் பாத்தேன். வேர்த்துக் கொட்டுது, பரிச்சை ரிசல்ட்டுக்கு நிக்கிற பிள்ள கணக்கா என்னையே பாக்கா. எனக்கு அழுகை வந்துட்டு தங்கச்சி. எழுதிட்டேன்."

"இப்ப என்ன பண்றது?"

"வெளியீடு வேண்டாம்னு சங்கத்துல சொல்லிட்டேன். ஊருக்குப் பொய்யளவு குடுக்க மாட்டேன். அவகிட்ட, சங்கத்துல எலெக்‌ஷன் சண்டை, விழா நடக்காதுன்னு சொல்லிக்கிடுதேன்." அதை யாரும் நம்புவார்கள். எந்த வருடம் சொன்னாலும் உண்மையாகத்தான் இருக்கும். "ஒரே ஒரு காப்பி மட்டும் பிரிண்ட் எடுத்துக் குடு. பைண்டு பண்ணி அவளுக்குக் குடுத்திருதேன். அவதான படிக்கப்போறா. எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரியவே கூடாது. சத்தியம் பண்ணு."

அதையும் பண்ணினேன். என்ன பாவத்துக்கு இந்த பில்டிங்கில் வீடு பார்த்தோம் என்று இருந்தது.

ஒற்றைப் பிரதி நீலக் காலிகோ அட்டையோடு வந்தது. மதினி அதைக் கண்ணாடி அலமாரியில், மகன் வாங்கிய கிரிக்கெட் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். வருகிறவர்களிடமெல்லாம் எடுத்துக் காட்டுவாள். பெட்டி அத்தியாயத்தைப் பிரித்து, "நாந்தான் நாடா புடிச்சேன்" என்பாள். அண்ணாச்சி அந்த நேரம் பார்த்துச் சமையலறைக்குத் தண்ணீர் குடிக்கப் போவார். நான் கூரையைப் பார்ப்பேன். அவளுக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியக்கூடாது, அவருக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியக்கூடாது. நடுவில் நான் நாலு வருடம் வாயைக் கட்டிக்கொண்டு, அவர்கள் வீட்டுக்குக் காப்பி குடிக்கப் போகவே பயந்து திரிந்தேன். அடேயப்பா, எனக்கு ரத்தக்கொதிப்பு வந்ததே அந்தப் பெட்டியால்தான் என்று என் வீட்டுக்காரரிடம் இன்றைக்கும் சொல்வேன்.

அப்புறம் அவர்கள் மகனோடு இருக்கப் பூனாவுக்குக் கிளம்பினார்கள். சாமான் கட்டும் அன்று ஒத்தாசைக்குப் போனேன். அண்ணாச்சி கீழே லாரிக்காரனோடு, பீரோ எந்தப் பக்கமாக ஏறும் என்று நாடாவும் கையுமாக நின்றுகொண்டிருந்தார். மதினி அந்த நீலப் புத்தகத்தைத் தன் பட்டுப்புடவைக்குள் வைத்துச் சுற்றினாள். இனி அவர்களைப் பார்ப்பது எப்போதோ என்று இருந்தது. அந்த வேகத்தில் சத்தியத்தையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டேன்.

"மதினி, ஒண்ணு சொல்லட்டுமா? அண்ணாச்சிக்கு..."

"தெரியும்" என்றாள் மதினி, புடவையை மடித்துக்கொண்டே.

"எது தெரியும்?"

"அவுகளுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். டார்ச்சு வெளிச்சம் வந்து எம் விரல்மேல நின்னுச்சுல்லா. ரெண்டு மூச்சு விடுத நேரம் நின்னுச்சு. ஆச்சு, இந்தா ஏசப்போறாவன்னு கண்ணை மூடிக்கிட்டேன். தொறந்து பாத்தா குனிஞ்சு எழுதிக்கிட்டு இருக்காவ."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "அப்போ என்கிட்ட எதுக்கு மதினி சத்தியம் வாங்குனீங்க? நாலு வருஷம் என்னை ஏன் இந்தப் பாடு படுத்துனீங்க?"

"நீ சும்மா இருக்க மாட்டியே. எங்கயாவது வாயைத் தொறந்திருவ. பேச்சு வெளிய வந்துட்டா அவுக கோடு போட்டு அடிச்சுத் திருத்தி, பக்கத்துல கையெழுத்துப் போட்டிருவாவ. ஆபீசுப் பழக்கம்." மதினி முடிச்சை இறுக்கினாள். "கலியாணங் கட்டி முப்பத்தி நாலு வருசத்துல அந்த மனுசன் எழுதுன ஒரே பொய் இது. எனக்காவ எழுதுனது. அதைப் போயி நான் திருத்த விடுவனா பிள்ள?"